ஆமைக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல்

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குத் திட்ட வராது, அழுகைதான் வரும். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. நான் ஐந்தாவதோடு நின்றவள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்புவதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய். உன் அத்தான் உன் கையில் வெள்ளிக் காசுப் பெட்டியைக் கொடுத்தனுப்பியது எனக்கு நேற்றுத்தான் தெரியும். அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கப் போனேன். பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாகத் தூசி இல்லாமல் இருந்தது. கேட்டதற்கு, "எல்லாத்தையும் வித்துடச் சொல்லிட்டேன். இனிமே அது என் கண்ணுல படக்கூடாது" என்றார்.

விற்கட்டும். எனக்கு அந்தக் காசுகளின்மேல் ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. கடலுக்கு நடுவில் கைக்குட்டை அளவு இருக்கிற தீவுகள் போடுகிற காசு, ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் மிருகம், இதற்கு ஒரு மனுஷன் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் கொடுப்பானா என்று அவரோடு எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். சிங்கம், ஆந்தை, திமிங்கலம், எல்லாம் போகட்டும். ஆமைக் காசை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பு.

அந்த ஆமைக்குப் பக்கத்தில், கண்ணாடி மாதிரிப் பளபளவென்று வெறுமையாக இருக்கிற இடத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும். அது நம் வாலுவுடையது. ஆறு வயதில் அழுத்தியது. எட்டு வயதில் போய்விட்டாள். பத்து மாதமாகிறது. என் மகளின் விரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

உன் பழங்காசுக் கடைக்கு வருகிற வெள்ளியை எல்லாம் நீ ஏதோ திரவத்தில் முக்கிக் கழுவுவாய் என்று எனக்குத் தெரியும். இதைக் கழுவாதே. துடைக்காதே. அது இருக்கிற டப்பியைத் திறக்கவே திறக்காதே.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. கோணல் என்கிறாயே, என் கையெழுத்தைவிட உன்னுடையது எவ்வளவோ தேவலை. என் ரசீதைப் படிக்க முடியாமல் போன வாரம் ஒருவர் மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாராம்.

பெட்டி பத்திரமாக இருக்கிறது. இருபத்து மூன்று காசும் இருக்கிறது, கவலைப்படாதே. இந்த மாதம் கடையில் ஈ, கொசுதான் வாடிக்கை. மாடிப்படிக்கு அடியில் கடை வைத்தால் மேலே போகிறவன் காலடிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நேற்று ஒருத்தர் அத்தானுடைய சிங்கக் காசை எடுத்து, "ஏம்ப்பா, இந்தத் தீவுல சிங்கம் இருக்கா" என்று கேட்டார். "பூனையே கப்பல்ல வந்து இறங்கினாத்தான் உண்டுங்க" என்றேன். சிரித்துவிட்டுக் காசைக் கீழே வைத்துப் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது என்று வீட்டில் இவள் சொல்வது சரிதான்.

ஆமைக் காசை அனுப்புகிறேன். கொஞ்ச நாள் பொறு. தபாலில் அனுப்ப யோசனையாக இருக்கிறது.

ஒன்று கேட்கட்டுமா, கோபித்துக்கொள்ளாதே. அது விரல் ரேகைதான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? வெள்ளியில் பழுப்பு பல காரணத்தால் வரும். டப்பிக்குள் ஈரக்காற்று புகுந்தாலும் வரும், மட்டமான அட்டைப்பெட்டியில் வைத்தாலும் வரும். பார்க்கிறவர்கள் மனசுக்கு அது இலை மாதிரியும் தெரியும், மேகம் மாதிரியும் தெரியும். அதற்காகச் சொன்னேன்.

அத்தானிடம் சண்டை போடாதே. அவரும் பாவம்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சிங்கம் வந்தது, பூனை வந்தது, ஈ, கொசு வந்தது. வாலுவைப் பற்றி ஒரு வரி இல்லை. "காசு மாமா, காசு மாமா" என்று உன் தோளைவிட்டு இறங்காத பிள்ளை. அவளைப் பற்றி எழுத உனக்குக் கை வரவில்லையா, அல்லது வேறு எதையாவது மறைக்கிறாயா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

நிச்சயமா என்று கேட்டாய். சொல்கிறேன், கேள்.

அன்றைக்கு மத்தியானம். உன் அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் விடுமுறை. மேசைமேல் துணி விரித்துக் காசுகளை வரிசையாக வைத்திருந்தார். ஆமைக் காசின் டப்பி மட்டும் திறந்திருந்தது. வாலு வெளியே ஓடி ஆடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தாள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். அவ்வளவுதான் நேரம். திரும்பிப் போய்ப் பார்த்தால் இவள் கட்டைவிரலைக் காசின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள். "என்னடி பண்றே" என்றார். "அது ரொம்ப நேரமா நீந்திக்கிட்டே இருக்குப்பா. கரைக்குத் தள்ளிவிடறேன்" என்றாள்.

அடித்துவிட்டார். முதுகில் ஒன்று. அவள் பிறந்ததிலிருந்து அவர் அடித்தது அந்த ஒரு அடிதான்.

அன்றைக்குக் காசில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சு பட்ட மாதிரி லேசாக ஒரு மங்கல். நாலைந்து மாதம் கழித்துத்தான் பழுப்பாக ஏறி, ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. வேர்வையில் உள்ள உப்பு வெள்ளியைத் தின்றுவிடும் என்று அவர் சொன்னார். "போச்சு, இனி இது எதுக்கும் ஆகாது" என்றார். அந்த எதுக்கும் ஆகாததைத்தான் கேட்கிறேன்.

நீ கேட்கலாம், வீட்டில் அவள் தொட்ட சாமான் எத்தனையோ இருக்குமே என்று. இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் இருந்தது. சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. பீரோ கதவில், அவள் உயரத்துக்கு, வரிசையாக இருந்தது. நாலு நாள் காய்ச்சலில் அவள் போன பிறகு ஜனங்கள் துக்கம் கேட்க வந்துகொண்டே இருந்தார்கள். வீடு இப்படிக் கிடக்கிறதே என்று நான் ஒரு நாள் வாளியை எடுத்து எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துடைத்தேன். என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். துடைத்து முடித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தானிடமும் சொல்லவில்லை.

சட்டை இருக்கிறது, பள்ளிக்கூடப் பை இருக்கிறது. அவையெல்லாம் கடையில் வாங்கியவை. அந்த விரல் நான் பெற்றது.

உன் அத்தானும் நானும் பேசுவதில்லை. சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார். அவர் அவளையும் சேர்த்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

தபாலைப் பற்றி யோசிக்காதே. அனுப்பு. இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு நானே வந்து உன் கடைப்படியில் உட்காருவேன்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

இத்துடன் ஆமைக் காசைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பஞ்சு சுற்றி, தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். ரேகை அப்படியே இருக்கிறது. பார்த்துக்கொள். அடிக்கடி திறக்காதே, காற்றுப் பட்டால் கெட்டுவிடும்.

கடையில் வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

தபால்காரர் வந்தபோது நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உடனே திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்து மாதத்தில் எனக்கு ஒரு நல்லது நடந்தது என்றால் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதையாவது விட்டு வைத்தாயே என்று உனக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

திறந்ததும் முட்டை வாடை வந்தது.

ரேகை இருந்தது. பழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஆமையின் கால் வரைக்கும் வந்து ஏறியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய விரலா? முந்தானையால் லேசாகத் துடைத்தேன், பாதி போய்விட்டது. அவளுடையது போகாது. அழுத்தின அன்றைக்கே நான் பஞ்சு வைத்துத் துடைத்துப் பார்த்தவள், அடி வாங்கிவிட்டதே பிள்ளை என்று.

மீதிப் பாதியை வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. தகர மூடி வெட்டின தழும்பு. உனக்கு அப்போது ஏழு வயது. அம்மா படுக்கையில் கிடந்தாள். என் பள்ளிக்கூட ரிப்பனைக் கிழித்து நான்தான் உன் விரலில் கட்டினேன். அடுத்த வருஷம் எனக்கு ரிப்பனும் தேவைப்படவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அந்த விரலைப் பிடித்துத்தான் உனக்கு அ, ஆ எழுதப் பழக்கினேன். உன் விரலை எனக்குத் தெரியாதா?

என்னை நீ ஏமாற்றப் பார்த்ததுகூட எனக்குப் பெரிதில்லை. உன் விரலைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். அப்புறம், சரி, அவளுடையது எப்படி இருந்தது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். வரவில்லை, தம்பி. கோடு இப்படிச் சுழிந்ததா, அப்படிச் சுழிந்ததா, ஒன்றும் வரவில்லை. தம்பி விரல் நினைவிருக்கிறது. பெற்ற பிள்ளை விரல் நினைவில்லை. நான் என்ன ஜென்மம்?

அவள் காசு எங்கே? விற்றுவிட்டாயா? யாரிடம் விற்றாய் என்று சொல். அவர் காலில் விழுந்தாவது வாங்கிக்கொள்கிறேன். மறைக்காமல் சொல். இனி உன்னிடமிருந்து எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உன் கையில் இருப்பதுதான் அந்தக் காசு. அதேதான். விற்கவில்லை.

கழுவிவிட்டேன்.

பெட்டியைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கழுவிவிட்டேன். உன் முதல் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. கடை திறந்த பிறகு நேரம் கிடைக்காது என்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு காசாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆமையில் கறை. கிண்ணத்தில் வெள்ளி கழுவும் திரவத்தை ஊற்றி, காசை முக்கி ஐந்து எண்ணினேன். இது என் தொழில், அக்கா. ஒரு நாளைக்குப் பத்துக் காசு இப்படிக் கழுவுகிறேன். ஐந்து எண்ணியும் கொஞ்சம் தங்கியிருந்தது. எரிச்சலாக வந்தது. இன்னொரு தடவை முக்கிப் பஞ்சால் தேய்த்தேன். போய்விட்டது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

உன் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் பேப்பரை எடுத்தேன். சிங்கமும் பூனையும் எழுதிக்கொண்டு போனேன். அது ஈரக்கறையாக இருக்கலாம் என்று எழுதினேனே, அதை உனக்காக எழுதவில்லை, எனக்காக எழுதிக்கொண்டேன். நீ அந்த மத்தியானத்தைப் பற்றி எழுதிய பிறகு என் விரலை அழுத்தினேன். வேகவைத்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தால் வெள்ளியில் பழுப்பு ஏறும். பழசுபோலக் காட்ட எங்கள் ஆட்கள் சிலர் செய்கிற திருட்டு வேலை. பன்னிரண்டு வருஷத்தில் நான் செய்ததில்லை. முதல் தடவை உனக்குச் செய்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் நான் சொன்னதில் பாதிதான் நிஜமாகும்.

அந்தப் பெட்டியில் மூலையில் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. அதே திரவம்தான். பாதி காலியாக இருந்தது. அத்தான் தன் காசுகளைத் தானே கழுவுகிறவர். இருபத்திரண்டு காசும் அன்றைக்குத்தான் அச்சடித்து வந்த மாதிரி இருந்தன. ஒன்றில் மட்டும் கறை. கையில் மருந்தை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் ஒருத்தர் ஒரே ஒரு காசை மட்டும் கழுவாமல் வைத்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவனுக்கு அது பார்த்தவுடன் உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

எதுக்கும் ஆகாது என்று அவர் வாயால் சொன்னார் என்கிறாய். ஐந்து எண்ணுகிற நேரத்தில் போயிருக்கும், அக்கா. அவருக்கு அது தெரியும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் உன் அத்தான் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். காசையும் வைத்தேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, "படிங்க" என்றேன்.

படித்தார். அப்புறம் சொன்னார்.

"பழுப்பு ஏறினதும் கழுவிடலாம்னுதான் பாட்டிலத் தொறந்தேன். பக்கத்துல வந்து நின்னா. 'ஆமையையும் சேத்துக் கழுவிடுவியாப்பா'ன்னு கேட்டா. மூடிட்டேன்."

"அப்புறம் ஏன் குடுத்து அனுப்பினீங்க?"

"அதைப் பாக்கும்போதெல்லாம் அந்த அடி ஞாபகம் வருது. அவ மூஞ்சி வரமாட்டேங்குது, அடிதான் வருது. நான் என்ன பண்ண?"

நான் அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஒன்றும் திட்டவில்லை. வீட்டைத் துடைத்ததை நானும் சொன்னேன். ஜன்னல், சுவர், பீரோ எல்லாம் சொன்னேன். "தெரியும்" என்றார். "வாளித் தண்ணிய நான்தான் கொண்டுபோயி ஊத்தினேன்" என்றார்.

பிறகு காசை ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு போனார். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் கண் லென்ஸ் தேய்க்கிற கண், நமக்குத் தெரியாத கீறலெல்லாம் தெரியும். ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் பயந்துகொண்டு நின்றேன். "இல்ல" என்றார், நான் கேட்காமலே.

கடை வேலைக்கு வைத்திருக்கிற கூர்ப் பென்சிலையும் ஒரு தாளையும் எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முட்டை வட்டம் போட்டார். உள்ளே கோடு கோடாக வரைய ஆரம்பித்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இரண்டு வருஷம் தினமும் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார், தம்பி. எனக்கு ஒரு கோடுகூட நினைவில்லை, அவருக்கு இருக்கிறது. சுழி நடுவில் இல்லையாம், கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருக்குமாம். மேலே ஒரு கோடு ஓடி வந்து இரண்டாகப் பிரியுமாம். அவள் ஒவ்வொரு கோடாக உள்ளே வருகிற மாதிரி இருந்தது.

பாதிக்கு மேல் வந்ததும் நின்றுவிட்டார். கீழே வலது மூலை வரவில்லை. பென்சிலைக் கொண்டுபோகிறார், வைக்கிறார், எடுக்கிறார். "இதுக்கப்புறம் தெரியல" என்றார். "கிட்டத்தட்டப் போட்டுடுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பென்சிலைப் போட்டுவிட்டு அந்தத் தாளின்மேல் கன்னத்தை வைத்து அழுதார். அவள் போன அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

மூன்று நாளாக அந்த மூலை வெறுமையாக இருக்கிறது. வேலையிலிருந்து வந்து உட்காருகிறார், பார்க்கிறார், எழுந்துவிடுகிறார். இன்னும் சில நாளில் வரைந்ததும் சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இதற்காகத்தான் எழுதுகிறேன். உன்மேல் உள்ள ஆத்திரம் போகவில்லை, போனதாக எழுதினால் அது பொய். ஆனால் கழுவுவதற்கு முன்னால் லென்ஸ் வைத்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அவளைக் கடைசியாகப் பார்த்தவன் நீதான். கழுவுகிறவன் கறையை நன்றாகப் பார்த்திருப்பான். கீழே, வலது மூலை. உனக்கு என்ன நினைவிருக்கிறதோ அதை வரைந்து அனுப்பு. ஒரு கோடானாலும் போதும்.

உன் விரலைப் பார்த்து வரைந்துவிடாதே. எங்களைத் தேற்ற வேண்டும் என்று எதையும் போடாதே. தெரியாவிட்டால் வெள்ளைத் தாளை அனுப்பு, அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து நாலு நாளாகக் கடையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தபடி இருந்தேன்.

மெல்லிய தாளில் வரைந்திருக்கிறேன். அத்தான் வரைந்ததன்மேல் வைத்தால் அடியில் இருப்பது தெரியும். சேர்ந்தால் சேரட்டும். சேராவிட்டால் என்னுடையதைக் கிழித்துப் போடச் சொல், அவர் சொல்வதுதான் சரி.

வலது மூலையில் மூன்று கோடு. அடியில் இருக்கிறது பார், அது நிச்சயம். அது மட்டும்தான் இரண்டாவது தடவை முக்கியபோதும் போகாமல் நின்றது. அதைத்தான் தேய்த்தேன். அதற்கு மேல் இருப்பது ஓரளவு நிச்சயம். மூன்றாவது பாதியில் அறுந்துபோகிறது, அங்கே அவள் விரல் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும், ஆமையைத் தள்ளினாளே, அப்போது.

நாலாவதாக ஒன்று வரைந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னுடையது மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

தம்பி